திரும்பிப் போவதற்கென்று சில இடங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. ஹோம்ஸ்கூலிங் என்று அவர்கள் சொல்லும் இந்த வீட்டுக்கல்வியைத் தொடங்கும் எவருக்கும் முதல் சில மாதங்களிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்க முடியாது. பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது? முதலில் கண்ணில் படும் விடைகள் எல்லாம் விலை போட்டவை. கேளிக்கைப் பூங்கா, கோடை முகாம், தலைக்கு இத்தனை ரூபாய் என்று நடத்தப்படும் பயிலரங்கு. நாலு பேர் கொண்ட குடும்பம் மாதம் இரண்டு தடவை போய்வந்தால் மளிகைக் கணக்கு இடிக்கும். அதனால் பல வீடுகளில் வெளியே போவதே குறைந்துவிடுகிறது. அல்லது காசில்லாத மாதத்துக்கான ஒப்புக்குச் சப்பாணியாக ஏரிக்கரையும் நூலகமும் வந்து சேர்கின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். கற்பதற்கு என்று பார்த்தால், வீட்டுக்குப் பக்கத்தில், கட்டணம் கேட்காமல் இருக்கும் இடமே முதல் தேர்வாக இருக்கத் தகுதியானது. அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்பதுதான் காரணம்.

காசு கொடுத்து உள்ளே போனவர் அந்தக் காசுக்கு உரியதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பிள்ளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டால், "வா, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இந்தக் களைப்பை ஒருவர் நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப்பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்து, விடை தேடுவதற்காக ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தார். அருங்காட்சியகச் சோர்வு என்ற பொருளில் 1916-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பெரியவருக்கே அந்தக் கதி என்றால் ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் இல்லாத இடத்தில் இந்த அவசரம் இல்லை. இருபது நிமிடத்தில் பிள்ளைக்குப் போதும் என்று தோன்றினால் எழுந்து வந்துவிடலாம். மிச்சம் அடுத்த வாரத்துக்கு இருக்கும்.

புதிய இடம் என்றாலே பிள்ளை நிறையக் கற்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜான் ஃபால்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1978-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மரங்கள் அடர்ந்த ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கவனித்தது. அப்படிப்பட்ட சூழல் ஏற்கெனவே பழகியிருந்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைக் கற்றுக்கொண்டார்கள். அது முற்றிலும் புதிதாக இருந்த பிள்ளைகளின் கவனமோ இடத்தைப் பார்ப்பதிலேயே செலவாகிவிட்டது. பாடம் அவ்வளவாக உள்ளே போகவில்லை. இதில் வியப்பில்லை. முதல்முறை போகும்போது வழி எது, கழிப்பறை எங்கே, அந்தப் பெரிய சத்தம் எதனால், அம்மா எங்கே நிற்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்வதே பிள்ளைக்கு முழுநேர வேலை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவைதான் கண் சின்ன விஷயங்களில் நிலைக்கத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகக்கூடிய இடத்தில் அந்த மூன்றாம் தடவை வருவதற்குள் பிள்ளைக்கு இரண்டு வயது கூடிவிடும்.

ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பாசன ஏரிகளும் கண்மாய்களுமாக 39,000-க்கும் மேல் இருக்கின்றன. சென்னையின் புறநகர் உட்பட, பெரும்பாலான ஊர்களில் பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் ஒன்றை எட்டிவிடலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கல்லெறியவும் சேற்றில் மிதிக்கவும் ஓர் இடம். அந்த வயதுக்கு அது போதும். மதகுப் பக்கம் கரையில் படிக்கட்டு இருந்தால், தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகள் ஒவ்வொன்றாக மறையும். மார்கழியில் ஏரி தளும்பும். பங்குனிக்குப் பிறகு படிகள் மளமளவென்று வெளியே வரும். வைகாசியில் ஏரியின் நடுவில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஓராண்டு முடிந்ததும் அந்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால், வடகிழக்குப் பருவமழை என்று புவியியல் புத்தகம் சொல்வது பிள்ளையின் கையாலேயே ஒரு வளைகோடாக வந்துவிடும். ஒரே ஒரு நாள் போய்வந்த பிள்ளைக்கு இந்தக் கோட்டில் ஒரு புள்ளி மட்டும்தான் கிடைத்திருக்கும்.

எட்டு வயதில் பறவைகள். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஏன் ஓர் இடைவெளி இருக்கிறது என்பது புத்தகத்தில் ஒரு வரிச் செய்தி. அந்த நாரை சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையைப் பிரித்தெடுப்பதைக் கரையில் அசையாமல் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு அது வேறு விதமாகத் தெரியும். முக்குளிப்பான் மூழ்கிய இடத்தில் எழாது என்பதையும், மடையான் பறக்கும்போதுதான் வெள்ளை இறக்கை தெரியும் என்பதையும் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். தை மாதம் வரை நிறைந்திருந்த ஊசிவால் வாத்துகள் கோடையில் எங்கே போயின என்ற கேள்வி, நடு ஆசியாவுக்கும் அதற்கு வடக்கேயும் வரைபடத்தில் விரல் வைக்கும்படி செய்யும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதியும் யாரும் அதில் சேரலாம். அதற்கு முன் ஆறு மாதமாவது அதே ஏரிக்குப் போய்வந்திருந்தால் பிள்ளையின் பட்டியல் நம்பத்தகுந்ததாக இருக்கும். தன் கணக்கு ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது என்று தெரியும்போது எண்ணுவதில் ஒரு பொறுப்பும் வரும்.

பத்து, பன்னிரண்டு வயதில் அதே ஏரி மனிதர்களைப் பற்றியதாகிவிடுகிறது. கலங்கல் வழியாக வெளியேறும் மிகைநீர் எங்கே போகிறது என்று வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பல இடங்களில் அடுத்த ஏரி வரும். அதன் கலங்கல் இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஒன்று நிரம்பி அடுத்ததை நிரப்பும் சங்கிலித்தொடராகவே நம் முன்னோர் அவற்றைக் கட்டினார்கள். மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுவதற்கென்றே நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊரில் ஓர் ஆள் இருந்தார். சில ஊர்களில் இன்னும் இருக்கிறார், கேட்டால் பேசுவார். வாய்க்கால் போகும் வழியில் திடீரென்று ஒரு மனைப்பிரிவு குறுக்கே வந்தால், அங்கிருந்து பிள்ளை கேட்கத் தொடங்கும் கேள்விகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகர் ஏன் மூழ்கியது என்பது வரை போகும். இயற்பியல், உயிரியல், வரலாறு, நிலச்சட்டம் என்று தனித்தனிப் பெயர்களில் படிக்கவேண்டியவை ஒரே கரையில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஏரியே இல்லாத நகரத் தெருவாக இருந்தால் ஒரு மரம் போதும். சீசன்வாட்ச் என்ற நாடு தழுவிய திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிவுசெய்து, அதன் இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று வாரந்தோறும் குறித்து அனுப்பலாம். வாசல் புங்கமரமும் அதற்குப் பொருத்தமானதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிள்ளைகளுக்கு அரிய, பெரிய அனுபவங்களும் வேண்டாமா? ஒரே ஒரு தடவை போய்வருவதால் பயனே இல்லையா? உண்டு, அதற்கு உறுதியான சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011-ல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பள்ளிகளைக் கட்டணமின்றி அழைத்துக் காட்டும் ஏற்பாடு இருந்தது. விண்ணப்பித்த பள்ளிகள் அளவுக்கு மீறிப் போனதால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குலுக்கல் ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பாக அமைந்தது. போய்வந்த பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் சில வாரங்களுக்குப் பிறகு ஒப்பிட்டபோது, அரை நாள் பார்வையே அவர்களுடைய ஆராய்ந்து பேசும் திறனைக் கூட்டியிருந்தது தெரிந்தது. கிராமத்துப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகளிடமும் பலன் இன்னும் அதிகம். ஆகவே பெரிய பயணங்களை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குடும்பத்தோடு வருவதற்கென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். முதல்முறை அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளே அதைப் பயன்படுத்தித் திரும்பி வருவதில் முந்தினார்கள். ஒரு பார்வை நல்லதாக அமைந்ததற்கு அடையாளமே மறுபடி வரத் தோன்றியதுதான். அவர்களால் வர முடிந்ததற்கு, அங்கே கட்டணம் இல்லாததும் ஒரு காரணம்.

இலவசம் என்ற சொல்லில் பலருக்கும் ஒரு கூச்சம் இருக்கிறது. யாரோ போட்ட பிச்சையைப் பெறுவதுபோல நினைக்கிறார்கள். நூலகத்தைப் பொறுத்தவரை அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. 1948-ல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு என்ற கணக்கில் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகை வழியாக அதில் ஒரு பங்கு கொடுக்கிறார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இருபதாண்டு உழைப்பு இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர், ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் என்பதை நூலகத்தின் விதியாகவே வைத்தவர் அவர். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்கென்றே பெரிய பிரிவுகள் வைத்திருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் இல்லை. இருந்தாலும் வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு அவற்றைவிட முக்கியமானது தெருமுனைக் கிளை நூலகம். அங்கே புத்தகம் குறைவு, மின்விசிறி மெதுவாகச் சுற்றும். ஆனால் வாரம் இரண்டு காலை அங்கே உட்காரும் பிள்ளையை நூலகருக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒரே அலமாரியைப் பலமுறை பார்த்துச் சலித்த பிறகுதான் பிள்ளை பக்கத்து அலமாரிக்குப் போகிறது. பெரியவர்கள் பிரிவுக்கு அப்படித்தான் நகர்கிறது. வார நாள் காலையில் அந்த இடங்கள் பாதி காலியாக இருப்பது இந்தக் குடும்பங்களுக்கு மட்டுமே வாய்த்த வசதி.

வரலாறு தொலைவில் எங்கோ, கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் இருக்கிறது என்ற எண்ணத்தையும் பக்கத்து இடங்களே மாற்றும். சென்னைப் பரங்கிமலை அருகே 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் சங்கிலியைக் கிடத்தி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்துதான் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அளக்கப்பட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தார். பரங்கிமலைப் படியேறக் காசு கிடையாது. மேலே நின்று, தெரியும் இரண்டு உயர்ந்த கட்டடங்களையும் தன்னையும் மூன்று முனைகளாக வைத்து ஒரு முக்கோணம் வரையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கோணங்களின் கூட்டுத்தொகை எதற்குப் பயன்படும் என்று விளக்கவே வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். குடும்புகள் என்ற முப்பது ஊர்ப் பிரிவுகள், ஓலையில் எழுதிய பெயர்கள், குடத்துக்குள் கைவிட்டு எடுப்பதற்கு விவரமறியாத ஒரு சிறுவன். இதைக் கேட்கும் எந்தப் பிள்ளையும் அந்தச் சிறுவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்ற விதியும் அதில் உண்டு. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. இப்படி ஆள் தேர்ந்தெடுத்தது ஒரு பிராமணச் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்கள் மட்டுமே அந்த ஓலையில் ஏற முடிந்தது. பெண்ணும் உழுதவரும் அதில் இல்லை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே தெரிந்துகொண்ட பிள்ளையை அடுத்து அழைத்துப்போக வேண்டியது இன்றைய கிராம சபைக்கு. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் எழுந்து பேசலாம். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கலாம். வரவுசெலவு வாசிக்கப்படுவதையும், தெருவிளக்குக்காக ஒரு பாட்டி குரல் உயர்த்துவதையும், யாருடைய பேச்சு கவனிக்கப்படுகிறது, யாருடையது கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது என்பதையும் நேரில் பார்க்கலாம். சாதி இன்னும் எந்த நாற்காலியில் யாரை உட்காரவைக்கிறது என்பதும் அங்கே தெரியும். குடிமையியலுக்கு இதைவிடக் கூர்மையான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்ட தெருவிளக்கு அடுத்த கூட்டத்துக்குள் வந்ததா என்று பார்க்க, இங்கேயும் திரும்பிப் போயாக வேண்டும்.

இதெல்லாம் சரி, பரீட்சைக்கு என்ன வழி என்று கேட்பார்கள். வீட்டுக்கல்விப் பிள்ளைகளில் பலர் 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். பதினான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். அதற்குப் பாடப்புத்தகம் படிக்கத்தான் வேண்டும். ஏரியைப் பார்த்தாலே இயற்கணிதம் வந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று. பாடப்புத்தகம் சொல்வதைப் பற்றிக்கொள்ள மனத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வெளியே போய்வருவது அதைத் தருகிறது. மொட்டைமாடியில் நட்ட ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு நாள், நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு வந்து குச்சியின் நிழல் மறைந்துபோகும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் நடக்கிறது. பிறகு சென்னையில் ஆகஸ்ட் நடுவிலும், கன்னியாகுமரியில் ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் மறுபடி ஒருமுறை. சென்னையில் நிழல் மறையும் நாளில் கன்னியாகுமரியில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் நண்பகல் நிழலை அளந்து சொன்னால், கோணம் சுமார் 5 டிகிரி என்று வரும். இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் வரைபடத்தின் அளவுகோலில் சுமார் 555 கிலோமீட்டர். 360-ல் 5 என்பது 72-ல் ஒரு பங்கு. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கையாண்ட முறை இது. செலவு ஒரு குச்சியும் ஒரு தொலைபேசி அழைப்பும். விகிதமும் முக்கோணவியலும் இதற்குப் பிறகு புத்தகத்தில் வரும்போது பிள்ளைக்கு அவை அந்நியமாக இருக்காது.

வெயிலைப் பற்றிய கவலை உண்மையானது. நம் ஊரில் மாசி முடிந்தால் காலை பத்துக்கு மேல் வெளியே இருப்பது பிள்ளைகளுக்கு ஆகாது. வீட்டுக்கல்விக் குடும்பத்துக்குப் பள்ளி மணி இல்லை என்பதால் காலை ஆறிலிருந்து எட்டு வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் தங்கள் நேரமாக வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலை நூலகத்துக்கு விட்டுவிடலாம். வெளிச்சத்தில் இருப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்கும் வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. கைப்பேசித் திரையில் பாடம் படிப்பது கூடிவிட்ட வீடுகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏரியும் குளமும் பழகப் பழகப் பயம் விட்டுப்போகும். ஆபத்து அப்படியே இருக்கும். மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் கரையை விட்டு இறங்கக்கூடாது என்ற விதியில் தளர்வே இருக்கக்கூடாது. மழைநாளில் கலங்கல் பக்கம் போகவே வேண்டாம். கழிப்பறை இல்லாதது இன்னொரு குறை. வளர்ந்த பெண்பிள்ளைகளோடு போகும் தாய்மார் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான். பொது இடங்களைப் பராமரிக்காமல் விடுவது பெண்களையும் குழந்தைகளையும் அங்கிருந்து விரட்டுவதற்குச் சமம். தொடர்ந்து போய்வருகிறவர்கள்தான் இதை வார்டு உறுப்பினரிடம் விடாமல் கேட்க முடியும். வருடத்துக்கு ஒருநாள் வருபவருக்கு அந்த அக்கறை எழாது.

வீட்டுக்கல்வியே வசதி படைத்தவர்களின் விருப்பம், அதற்கு எதற்கு இலவச இடங்களைப் பற்றிய பேச்சு என்பது கடுமையான மறுப்பு. ஒருவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வீட்டில் இருக்க முடிகிற குடும்பத்தால்தான் பெரும்பாலும் இதைச் செய்ய முடிகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு சம்பளம் போன வீட்டில் செலவு இறுக்கமாகத்தான் இருக்கும். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு, பள்ளியில் ஏற்பட்ட அவமானம், உடல்நலக் காரணம் என்று வேறு வழியில்லாமல் இதற்கு வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பது. அம்மாவும் மகளும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காசில்லாமல் போய்வரலாம். மகனுக்கு மட்டும் சீட்டு. வேலைக்குப் போவதற்கென்று கொண்டுவரப்பட்ட ஒரு திட்டம், நூலகத்தையும் கடற்கரையையும் உழவர் சந்தையையும் ஏழைத் தாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது. உழவர் சந்தையில் காலையில் எழுதிவைக்கும் விலைப்பலகையை வாரா வாரம் குறித்துவரும் பிள்ளைக்குச் சராசரியும் சதவீதமும் தக்காளி விலை வழியாகவே வந்துவிடும்.

இனி, ஊர் என்ன சொல்லும் என்பது. புதன்கிழமை காலை பேருந்தில் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவர், "என்ன தம்பி, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்கத்தான் செய்வார். சட்டமும் இந்தக் குடும்பங்களைத் தெளிவான ஓரிடத்தில் நிறுத்தவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் இல்லை. குழந்தை உழைப்பிலிருந்தும் சிறுவயதுத் திருமணத்திலிருந்தும் பிள்ளைகளை மீட்கப் பள்ளிதான் இந்த நாட்டில் பெரிய அரணாக இருந்துவந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் மனத்தில் அக்கறையும் இருக்கலாம். பதில் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் ஒடுங்கும் குடும்பம் இந்த ஐயத்தை வளர்க்கும். நூலகரும் சந்தைக்காரரும் கிராம சபைக்கு வரும் அக்கம்பக்கத்தாரும் அந்தப் பிள்ளையை மாதக்கணக்கில் பார்த்துப் பழகியிருந்தால், அது என்ன படிக்கிறது, நன்றாக இருக்கிறதா என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். குழந்தையின் நலனுக்கும் இது ஒரு காவல்.

கடைசியாக, கூட்டாளிகள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குச் சேக்காளிகள் கிடைக்க மாட்டார்கள் என்ற பயம் வீட்டுக்கல்வியை எதிர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, அதைத் தேர்ந்தவர்களுக்கும் இருக்கிறது. ஒரே தடவை நடக்கும் பயிலரங்கில் சந்தித்த பிள்ளையின் பெயர் அடுத்த மாதம் மறந்துவிடும். நட்புக்கு ஒரே இடமும் ஒரே நேரமும் வேண்டும். பள்ளி பிள்ளைகளுக்குத் தரும் பெரிய கொடையே அதுதான். அதைக் கட்டணமில்லாத இடத்தில்தான் ஈடுசெய்ய முடியும், ஏனென்றால் அங்கே யாரும் யாருடைய செலவையும் பற்றி யோசிக்காமல் வாரந்தோறும் வரலாம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து வியாழக்கிழமை காலை ஏழு மணி, ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரு வீட்டார் வரவில்லை என்று ஒத்திப்போட வேண்டாம், வந்தவர்களோடு நடக்கட்டும். மாதத்தில் ஒரு சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றி, தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் அழைக்கலாம். அவர்களுக்கும் அந்த ஏரி சொந்தம்தான். தூண்டில் போடத் தெரிந்தவர்களும் பறவையின் உள்ளூர்ப் பெயர் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவர்களுக்குள்தான் இருப்பார்கள்.